தாய்மாமன் பேனரில் ஒரு சொல்

எங்கள் செஞ்சியில் பேனர் கட்டாமல் காது குத்த முடியாது. ஊசி இல்லாவிட்டால்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். காது குத்திக்கொள்ளும் குழந்தை பேனரின் மூலையில் தபால்தலை அளவில் அழுதுகொண்டிருக்கும். நடுவில் ஆளுயரத்துக்குத் தாய்மாமன் நிற்பார். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம் நிற்கும், வசதியைப் பொறுத்து ஹெலிகாப்டரும் நிற்கும். திண்டிவனத்தைத் தாண்டிப் போகாத மாமன்களை நான் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

மாமனின் பெயருக்குக் கீழே அவர் யார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். 'தொழிலதிபர்' என்றால் டீக்கடை வைத்திருக்கிறார். 'இளந்தொழிலதிபர்' என்றால் டீக்கடை அவருடைய அப்பாவுடையது. 'சமூக சேவகர்' என்றால் வேலை இல்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பேனர்களில் பிழை பார்ப்பது எனக்கு வியாதி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மற்ற பெண்கள் புடவை பார்ப்பார்கள், நான் ஒற்று பார்ப்பேன். கண்ணீர் அஞ்சலியில்கூட 'ப்' விட்டுப்போயிருந்தால் செத்தவரைவிட அந்த 'ப்'புக்காகத்தான் என் மனம் வருந்தும். என் கணவர் கரண்ட் ஆபீஸில் போர்மேன். "ஊரு பேனர எல்லாம் திருத்து. பிரஷர் மாத்திரைய மட்டும் மறந்துடு டீச்சரே" என்பார். ரத்த அழுத்த மாத்திரையை நான் மறந்ததில்லை. கவலைப்படுகிறவள் எதையும் மறக்கமாட்டாள். அதுதான் கஷ்டமே.

ஆகவே என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்து என்று முடிவானபோது, பேனர் வாசகத்தை நானே எழுதுவது என்று தீர்மானித்தேன். செஞ்சியின் முதல் பிழையற்ற பேனராக அது இருக்க வேண்டும். தாய்மாமன் என் மகன். அவனும் எழுதுகிறவன்தான்.

அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குத் தமிழ் எழுதித் தருகிறான். பணம் அனுப்பும்போது நடுவில் நின்றுபோனால் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வருமே, அப்படிப்பட்ட வரிகள் அவன் கைவேலை. 'முயற்சிக்கவும்' தவறு, 'முயலவும்' என்பதுதான் சரி என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். "முயலவும்னு போட்டா ஜனங்க முயல் வாங்கணுமான்னு கேப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டான்.

இதெல்லாம் அவன் பேசிக்கொண்டிருந்த காலத்தில். போன இரண்டு தீபாவளிக்கும் அவன் வரவில்லை. வேலை என்றான். பொங்கலுக்கு ஜுரம் என்றான். போனில் "சாப்டியா?" என்று கேட்பேன். "சாப்டேன்" என்பான். அதற்குமேல் இரண்டு பக்கத்திலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். சண்டை எதுவும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. என் பிள்ளை எங்கள் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. வரன் பார்க்கலாமா என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும். மகளின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, தன் அண்ணன் மகளை அவனுக்குக் கொடுப்பதாகத் தானே முடிவு செய்து தங்கள் ஊரான அனந்தபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். காது குத்துக்கு அவன் வருவானா மாட்டானா என்பதுதான் என் கவலை. வந்தால் பேசிவிடலாம், பேசினால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அப்போதுதான் மகள் அவனுடைய இணையப் பக்கத்தை என் போனுக்கு அனுப்பினாள். "தம்பி எழுதறாம்மா. படிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னாள். திறந்தேன். மேலே அவனுடைய படம். அதன் கீழே அவன் தன்னைப் பற்றி எழுதியிருந்தது இது:

'செஞ்சிக்காரன். எழுத்தாளன். தன்பால் ஈர்ப்பாளன். தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்பவன். உயரம் என்றால் பயம், ஆனாலும் மலை ஏறுவேன்.'

'தோசைக்குச் சர்க்கரை' என்பதில் 'ச்' சரியாகப் போட்டிருந்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

'தன்பால் ஈர்ப்பாளன்' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். எங்கள் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துமடல் எழுதுகிறவள் நான். அதில் 'மாணவர்களைத் தன்பால் ஈர்த்த நல்லாசான்' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். தன்பால் என்றால் தன்னிடம். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் அதையே எழுதினேன். அவர் தன்பால் ஈர்த்தது கொசுக்களை மட்டும்தான். என் மகன் அந்த மேடைச் சொல்லைத் தனக்கே பட்டமாகச் சூட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். வாசகர்களைத் தன்னிடம் இழுப்பவனாம். தற்பெருமைதான். ஆனால் சிறுவயதில் மூன்று பேர் எதிரில் நின்றால் பேசமாட்டான், அவனுக்கு இந்தத் தன்னம்பிக்கை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். செய்தித்தாளில் 'ஓரினச் சேர்க்கை' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் அடுத்த பக்கம் திருப்பிவிடுவேன். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு மரியாதையான பெயர் வந்துவிட்டது எனக்குத் தெரியாது.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டேன்.

"உன் பக்கத்தப் படிச்சேன்டா."

எதைச் சொல்கிறேன் என்று நானே விளக்கினேன்.

"உன்னப் பத்தி எழுதி இருக்கறியே, மேல. அத."

"ம்."

"நல்லா இருக்குதுடா. தைரியமா எழுதி இருக்கற. எனக்குப் பெருமையா இருக்குது."

மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இன்னாடா, சளியா?" என்றேன்.

"இல்லம்மா. நீ சொல்லு."

"காது குத்து பேனர்ல உன் பேருக்குக் கீழ அதையே போடப்போறேன். எழுத்தாளர், தன்பால் ஈர்ப்பாளர்னு. மரியாதைக்கு 'ர்' போட்டுடறேன்."

"அம்மா, நெஜமாவா? பேனர்லயா? நைனாவுக்குத் தெரியுமா?"

"நைனாவுக்கு இன்னா தெரியும் இதெல்லாம்? நான் சொன்னா சரிம்பாரு. நீ வரியா இல்லியா?"

"வரேம்மா" என்றான். "கண்டிப்பா வரேன்." குரல் உடைந்திருந்தது. துளசி போட்டு ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.

காது குத்துக்கு முதல்நாள் சாயங்காலம், திண்டிவனம் ரோட்டில் நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தின் வாசலில் பேனர் ஏறியது. சிங்கம் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தேன். பின்னணியில் எங்கள் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை மட்டும். நடுவில் என் மகன் சிரிக்கிறான். கீழே நான் எழுதிய வாசகம் ஒரு பிழை இல்லாமல் நிற்கிறது. என் கணவர் அதற்கென்று தனியாக ஒரு போகஸ் விளக்கு போட்டுத் தந்தார். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடப் படிக்கலாம்.

மகள் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேனரைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குழந்தை நடுவில் நசுங்கிக் கத்தியது.

"யம்மா! உனக்கு இவ்ளோ தைரியமா? எங்கிட்டகூடச் சொல்லல. எப்ப சொன்னான் உங்கிட்ட?"

"இன்னா சொன்னான்?"

அவள் என்னை விட்டு விலகி என் முகத்தைப் பார்த்தாள். "ம்மா. அதுக்கு அர்த்தம் தெரிஞ்சுதான போட்ட?"

"எங்கிட்டயே அர்த்தம் கேக்கறியா? தன்பால்னா தன்னிடம். எல்லாரையும் தன்னிடம் ஈர்க்கிறவன்."

"அய்யோ சாமி" என்று என் மகள் மண்டப வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே சாமான் அறைக்கு என்னைக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். தம்பி தன்னிடம் முன்பே சொல்லிவிட்டான், மாப்பிள்ளைக்கும் தெரியும், எங்களிடம் சொல்லத்தான் பயந்துகொண்டிருந்தான் என்றாள். அவளே தேடிப் பார்த்த பொருளையும் சொன்னாள். பால் என்றால் ஆண்பால், பெண்பால். ஐம்பாலை வருடா வருடம் ஜூன் மாதம் கரும்பலகையில் எழுதி நடத்துகிறவள் நான். அந்தப் பால் எனக்குத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும்.

நான் அழவில்லை. போனில் அகராதியைத் திறந்தேன். வேறு ஏதாவது பொருள் இருக்காதா என்று பார்த்தேன். இருந்தது, பசும்பால். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மகள் குழந்தையைத் தூங்க வைக்கப் போனாள். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவன் எழுதியிருந்ததை எல்லாம் முதலிலிருந்து படித்தேன். நடுநடுவே சிரிப்பும் வந்தது. அதற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஒரு கட்டுரையில் கோட்டையைப் பற்றி எழுதியிருந்தான். மலைமேல் வரும் காதலர்கள் சுவரில் பெயர் எழுதி இதயம் வரைகிறார்கள். இவனும் பத்தாவது படிக்கும்போது ஒரு பையனின் பெயரைக் கரியால் எழுதி இதயம் வரைந்தானாம். பக்கத்தில் தன் பெயரை எழுதத் துணிவு வரவில்லையாம். அதனால் 'தலைமையாசிரியர்' என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டானாம். 'அந்தக் காதல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல' என்று முடித்திருந்தான்.

இன்னொன்றில், 'என்னைப் பற்றித் தெரிந்ததும் எல்லோரும் அதை மட்டுமே கேட்கிறார்கள். எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, உறுதியாகத் தெரியுமா. தோசைக்கு ஏன் சர்க்கரை என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. வெட்கப்பட வேண்டியது என்றால் அதற்குத்தான் நான் வெட்கப்பட வேண்டும்' என்றிருந்தது. சட்டைப் பொத்தான் தைப்பதில் தனக்கு இருக்கும் ஆசையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை. பொத்தான் அறுந்தவர்கள்மேல் தனக்கு உடனே ஒரு பரிவு வந்துவிடுவதைப் பற்றி அதிலேயே ஒரு பத்தி. அந்தப் பத்தியை நான் வேகமாகத் தாண்டினேன்.

பஸ்ஸைப் பற்றிய கட்டுரையைத் தாண்ட முடியவில்லை. திண்டிவனத்திலிருந்து வரும்போது ஜன்னலில் கோட்டை மலை தெரிந்ததும் தொண்டையைச் செருமிக் குரலைக் கனமாக்கிக்கொள்வானாம். கால்மேல் போட்டிருக்கும் காலை எடுத்துவிடுவானாம். கைகளை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்குவானாம். ஊரில் இறங்குகிறவன் வேறொருவன், அவனை அனுப்பிவிட்டுத் தான் பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடுவதுபோல் இருக்கும் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு வரி: 'என் அம்மா என் எழுத்தில் உள்ள எல்லாப் பிழையையும் பார்த்துவிடுவாள். என்னைத்தான் இன்னும் படிக்கவில்லை.'

அந்த வரியில் பிழை இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

கணவரிடம் சொல்லாமல் முடியாது. விளக்குக்கு ஒயர் இழுத்துவிட்டு வியர்வையோடு உள்ளே வந்தார்.

"இன்னா டீச்சரே, மூஞ்சி இப்பிடி இருக்குது? காய்கறி வரலியா?"

"பேனர்ல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

"நீ எழுதனதுலயா? எழுத்துப் பிழையா?"

"எழுத்து சரிதான். அர்த்தந்தான் தப்பாயிடுச்சு. பால்னா ஆண்பால், பெண்பால் இருக்குது இல்ல?"

"அத்த நானுந்தான் படிச்சிருக்கறேன். அதுக்கு இன்னா இப்ப?"

"தன்பால்னா தன்னோட பால். அவன் ஆண்பால். அவனுக்கு ஈர்ப்பு வர்றது, ஆண்பால் மேலதான்."

எரிந்துபோன டிரான்ஸ்பார்மரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். முதலில் வெளியே, பிறகு உள்ளே, எங்கே பழுதாகியிருக்கும் என்று.

"பொம்பளப் புள்ளைங்க மேல?"

"இல்லியாம்."

"கொஞ்சங்கூட?"

"இதுல கொஞ்சம் ஜாஸ்தின்னு எல்லாம் கெடையாதுங்க."

துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அத்த நீ கலர்ல பிரிண்ட் போட்டு, லைட்டு வெச்சி, ரோட்டப் பாக்கக் கட்டி வெச்சிருக்கற."

"லைட்டு நீங்க வெச்சது."

"ஆமா. நாந்தான் வெச்சேன்." வெளியே எட்டிப் பார்த்தார். என் மகன் அந்த வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். "நீ தெரியாம போட்டது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் எல்லாம் தெரிஞ்சுதான் பெருமையா போடறேன்னு நெனச்சிக்கினு இருக்கறான். அதனாலதான் வரேன்னு சொல்லி இருக்கறான்."

அதுதான் என் நிலைமை. பேனரை இறக்கினால் அவன் போய்விடுவான், இனி வரமாட்டான். இறக்காவிட்டால் சம்பந்தி வீடு போய்விடும், மகளின் வாழ்க்கையில் என்ன ஆகுமோ தெரியாது. என் தலைக்குள் போலீஸ், நோய், முதுமை, தனியாக ஜுரத்தில் கிடக்கும்போது யார் கஞ்சி வைப்பார்கள் என்று எல்லாம் வரிசை இல்லாமல் வந்து போயின. கடைசியில் கோழைக்கு ஏற்ற வழியைத்தான் கண்டுபிடித்தேன். காலையில் அவன் வருவதற்கு முன்னால் என் கணவர் பேனரை இறக்கிவிட வேண்டும். காற்றில் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

காலையில் அவரை மண்டபத்தில் விட்டுவிட்டு நாங்கள் சம்பந்தி வீட்டாரோடு குழந்தைக்கு மொட்டை போட மேல்மலையனூர் போனோம். அமாவாசை இல்லாததால் கூட்டம் குறைவு. அங்காளம்மன் எதிரில் நின்று கைகூப்பினேன். வேண்டிக்கொள்ளத்தான் வந்தேன், ஆனால் வாசகம் அமையவில்லை. 'என் மகனை மாற்றிவிடு' என்று சொல்லிப் பார்த்தேன். மாறி வருகிறவன் யார், அவனை எனக்குப் பிடிக்குமா என்று தோன்றியது. குரலை மாற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிற அந்த ஆளைத்தான் அம்மன் நிரந்தரமாகக் கொடுத்துவிடுவாளோ என்று பயம் வந்தது. 'ஒன்றும் வேண்டாம், சும்மா வந்தேன்' என்று சொல்லிவிட்டுக் குங்குமம் வாங்கிக்கொண்டேன். அம்மனுக்கு இப்படிப்பட்ட பக்தை புதிதாக இருந்திருக்கும்.

மண்டபத்துக்கு வேன் திரும்பியபோது பேனர் அங்கேயே இருந்தது. முன்தினத்தைவிட விறைப்பாக இருந்தது. பக்கத்தில் ஏணி. ஏணிமேல் என் கணவர். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு என் மகன்.

அவன் என்னைப் பார்த்ததும் ஏணியை விட்டுவிட்டு ஓடிவந்தான். மேலே அவர் "டேய், டேய்!" என்றார். ரோட்டில், வேனிலிருந்து இறங்கும் சம்பந்தி வீட்டார் எதிரில், அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மெலிந்திருந்தான். "பஸ்ஸுல இருந்தே பாத்தேம்மா" என்றான். "பக்கத்துல உக்காந்திருந்தவரு படிச்சாரு. அது நாந்தான்னு சொன்னேன்." குரல் அவனுடைய குரலாகத்தான் இருந்தது. கனமாக்கிக்கொள்ளாத, மெல்லிய, எனக்குச் சின்னப்பிள்ளையிலிருந்து தெரிந்த குரல்.

அவன் குழந்தையைத் தூக்கப் போனதும் கணவரிடம் போய், "அவுக்கச் சொன்னா கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அவுக்கத்தான் ஏறுனேன். இவன் வந்து ஏணியப் புடிச்சிக்கினான். 'நைனா, தொங்குதா? இழுத்துக் கட்டுங்க'ன்றான். கண்ணெல்லாம் கலங்கி நிக்கறான். நான் மேல நின்னுக்கினு இன்னா பண்றது? இழுத்துக் கட்டிட்டேன்."

காது குத்தும் நேரம் வந்தது. மணையில் என் மகன் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பேத்தி அவன் மடியில் உட்கார்ந்து அவனுடைய மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்துத் துடைத்தார். அப்போதுதான் சம்பந்தியம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குரிய குரலில், அதாவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கேட்டார்.

"ஏன் சம்பந்தி, வாசல்ல மாமனுக்கு இன்னாமோ பட்டம் போட்டிருக்குதே. தன்பால் ஈர்ப்பாளரு. கெவருமெண்டு குடுத்ததா? எங்க அண்ணனுக்குச் சொல்லணும். மாப்ள இன்னா படிச்சிருக்கறாருன்னு கேட்டுக்கினே இருக்கறாரு."

என் மகன் நிமிர்ந்தான். அவன் சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பயத்தோடு பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பிக்கையோடு பார்த்தான். அம்மா பதில் சொல்வாள், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று.

என் கையில் மேடைத் தமிழ் தயாராக இருந்தது. 'எல்லோரையும் தன்னிடம் ஈர்ப்பவர் சம்பந்தி' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இலக்கணமும் இடம் கொடுக்கும். ஒரு தமிழாசிரியைக்கு அதைவிடப் பாதுகாப்பான பொய் கிடைக்காது. வாயைத் திறந்தேன். அந்த வரி வரவில்லை.

"அவனுக்குப் பொண்ணு பாக்க வேணாம்னு அர்த்தம் சம்பந்தி" என்றேன்.

"ஏன், சந்நியாசமா?"

"அதெல்லாம் இல்ல. அவனுக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும். அதுக்குத் தமிழ்ல அப்படிச் சொல்றது. உங்க அண்ணன் பொண்ணுக்கு வேற நல்ல எடமா பாருங்க. இங்க குடுத்து அந்தப் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க வேணாம்."

கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். சம்பந்தியம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. அவருடைய கணவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ 'ச்சீ' என்றார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு முதலில் வந்தது தன் மானப் பிரச்சினைதான். "இத்த முன்னயே சொல்றதுக்கு இன்னா? எங்க அண்ணனுக்கு நான் வாக்கு குடுத்துட்டனே. இப்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?" என்றார். பிறகு மடியில் இருந்த குழந்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வேற யாரு மடியிலயாவது..." என்று ஆரம்பித்தார்.

"தாய்மாமன் ஒருத்தன்தான் இருக்கறான் அத்த. மடியும் அவனுக்குத்தான் இருக்குது" என்றாள் என் மகள்.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். பத்தரைப் பார்த்து, "நேரம் போவுது, குத்துங்க" என்றார். பத்தர் குத்தினார். குழந்தை வீறிட்டது. என் மகன் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதான். தாய்மாமன் அழுதால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அப்படி ஒரு சாத்திரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் உண்டாக்கியிருப்பார்கள்.

பாதிப் பேர் சாப்பிட்டார்கள். சம்பந்தி திரும்பி வரவில்லை. சம்பந்தியம்மா சாப்பிட்டார், கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, குழந்தைக்கு மட்டும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. மகளிடம் இப்போது வேண்டியதற்கு மட்டும்தான் பேசுகிறாராம். என் மகள், "நிம்மதியா இருக்குதும்மா" என்கிறாள். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொல்கிறாள் என்று தெரியும்.

பாத்திரக்காரர்கள் அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மகனைத் தனியாகப் பிடித்தேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாவிட்டால் அவன் என்னைப் பற்றி உயர்வாகவே நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் கண்ணில் தெரிந்த அந்த அம்மா நான் இல்லை. அவளோடு அவன் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், அந்தப் பேனர். நான் அர்த்தம் தெரியாமதான் போட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. தன்பால், தன்னிடம், வாழ்த்துமடல், தலைமையாசிரியர், கொசு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"அப்ப போன்ல பெருமையா இருக்குதுன்னு சொன்னியே?"

"அது ஒற்று சரியா போட்டிருந்ததுக்கு."

அவன் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் அசைவதைப் பார்த்தபோது என் பிள்ளை இனி வரமாட்டான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"நைனா ஏணியில ஏறி இருந்தது?"

"அவுக்க."

"அப்ப அக்கா மாமியாரு கேட்டதுக்குச் சொன்னியே, எல்லாரும் இருக்கும்போது?"

"அது தெரிஞ்சுதான்டா சொன்னேன்" என்றேன். "நேத்து சாயங்காலந்தான் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு இன்னும் நெஞ்சு அடிச்சிக்குது. நாளைக்கு ஸ்கூல்ல இன்னா கேப்பாங்களோன்னு பயமா இருக்குது. எனக்கு இதெல்லாம் புடிச்சிருக்குதுன்னு உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத நான் தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் திரும்பியபோதுதான் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். அழுகையும் கலந்த, மூக்கு ஒழுகும் சிரிப்பு. "கொசுவாம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தான். மண்டபத்துக்காரர் வந்து விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

"அடுத்த மாசம் வரேன்" என்றான் கடைசியில். "தனியா இல்ல. ஒருத்தரக் கூட்டிக்கினு வரட்டா?"

யார் என்று கேட்கவில்லை. யார் என்று தெரிந்தது. எத்தனை நாள் பழக்கம், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்க வாய் துடித்தது. அதையெல்லாம் கேட்டால் அவன் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. ஏதாவது கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், "கறி மீனெல்லாம் சாப்பிடுவானா?" என்று கேட்டேன்.

"சாப்பிடுவாம்மா. மீனுக்கு மட்டும் யாராவது முள்ளு எடுத்துத் தரணும்."

"யாரு எடுத்துத் தரது, நீயா?"

"நாந்தான்."

"ஏன், அவனுக்குக் கையில்லியா? அவங்க வீட்டுல ஒரு மீன் திங்கக்கூடவா சொல்லிக் குடுக்கல?" என்று நான் ஆரம்பித்தேன்.